சத்தம் போட்டால் சமாதானம்

எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்து நீட்டுவாள். அவ்வளவு சத்தமாகப் பேசுவோம். அதற்குப் பெயர் சத்தம் என்பதே கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது. மனிதர்கள் வாயைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். டிவியில் செய்தி ஓடினால் ஜன்னல் கம்பி அதிரும். அப்பா இருமினால் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அப்பாவும் அம்மாவும் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருமுனைக்கே மில் வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். நூல் நூற்கும் மிஷின்கள் வரிசைகட்டி ஓடுகிற கூடத்துக்குள் ஒருத்தி காதில் வாயை வைத்துக் கத்தினாலும் சூடாக மூச்சுக்காற்றுதான் படும், வார்த்தை வந்து சேராது. அதனால் மில்லுக்காரிகள் காதை நம்புவதையே விட்டுவிட்டார்கள். எதிரே இருப்பவளின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கையையும் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். இடுப்பில் கை வைத்தால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் நூல் அறுந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் மேஸ்திரி நாசமாய்ப் போக என்று அர்த்தம். அம்மா அதிகம் செய்தது மூன்றாவதைத்தான்.

இந்தப் பழக்கத்தை அவர்கள் மில் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. வீட்டில் நல்ல பேச்சு எல்லாம் கத்தலாக நடக்கும். சண்டை என்று வந்தால்தான் சத்தம் நிற்கும். தெருவுக்குக் கேட்கக்கூடாத விஷயம் என்றால் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று உதட்டை மட்டும் அசைப்பார்கள். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். கெட்ட வார்த்தைகள் எனக்குக் காது வழியாக வந்ததே இல்லை, எல்லாம் கண் வழியாக வந்தவை. ஆக, சத்தம் கேட்டால் வீடு சமாதானமாக இருக்கிறது, சத்தம் நின்றால் யாரோ யாரையோ கிழிக்கிறார்கள். எங்கள் வீட்டு நார்மல் அதுதான்.

பெண் பார்க்கப் போடியிலிருந்து வந்தார்கள். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். வரப்போகிற மாமியார் காபியைக் குடித்துக்கொண்டே தன் தங்கை பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டிருக்காது. கூடத்தின் அந்தக் கோடியில் அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே பதில் சொன்னாள்.

"ஆமாங்க, எம்மக குரலு மைக்செட்டுதான். கல்யாணத்துக்கு மைக்செட்டுக்காரனுக்குக் குடுக்குற காசு ஒங்களுக்கு மிச்சம்னு நெனச்சுக்கங்க."

மாமியாருக்குக் காபி புரையேறிவிட்டது. அதன்பிறகு கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, வளர்ந்து, எல்லாம் ஆன பின்னாலும் மாமியாரின் அபிப்பிராயம் மாறவில்லை. "ஒங்கம்மாவுக்குப் பாம்புக் காதுத்தா. அவுக இருக்குற எடத்துல மூச்சு விடவே பயமா இருக்கு" என்பார். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். எங்கள் அம்மாவுக்குப் பாம்புக் காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போடி வீட்டுக்குப் போன முதல் நாட்களில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வீட்டில் கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம்தான் பெரிய சத்தம். கடையில் குரல் உயர்ந்தால் சரக்கில் கோளாறு என்று ஊர் நினைத்துவிடுமாம். அந்தப் பயத்தில் தலைமுறையாகத் தாழ்ந்த குரலிலேயே பேசிப் பழகிவிட்டார்கள். எனக்கு அது தெரியாதே. இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு பெரிய வெட்டுக்குத்து ஓடிக்கொண்டிருக்கும் என்று பயந்துபோய், தனியாக இருக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஒங்க வீட்ல என்ன பிரச்சன? சொத்துத் தகராறா?"

"ஒரு பிரச்சனையும் இல்லயே."

"அப்பறம் ஏன் யாரும் பேச மாட்டேங்குறீக?"

"பேசிக்கிட்டுத்தான இருக்கோம்" என்றார். அதே நேரத்தில் அடுப்படியில் மாமியார், இந்தப் பெண்ணுக்கு நம் மேல் என்ன கோபம், எந்நேரமும் சண்டைக்கு நிற்கிறாளே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் ஒரு கிறுக்கும் கிடையாது. அவரவர் வீட்டு அளவுபடியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு அரிசியை அளந்தோம், அவ்வளவுதான்.

பிறகு வீட்டுக்காரர் தேனியில் பம்புசெட் சாமான் கடை போட்டார். பழனிசெட்டிபட்டியில் குடிவந்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. என் குரலுக்கும் கடைசி பெஞ்சின் உதட்டைப் படிக்கிற கண்ணுக்கும் ஏற்ற வேலை. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். எல்லோரையும் பிடித்த பைத்தியம் என்னையும் பிடித்தது. வாழ்க்கையை மேம்படுத்துகிற பைத்தியம். போனைத் திறந்தால் எவனாவது ஒருவன் பனியனைப் போட்டுக்கொண்டு, விடியும் முன் எழு, வெந்நீர் குடி, நன்றி சொல்லு, குரலைத் தாழ்த்து என்று அதட்டிக்கொண்டிருப்பான். குரலைத் தாழ்த்து என்பதை அவன் கத்தித்தான் சொன்னான். நானும் ஒரு வாரம் வகுப்பில் மெல்லப் பேசிப் பார்த்தேன். பின்வரிசை முழுக்கத் தூங்கியது. நன்றி சொல்லும் பயிற்சியாக வீட்டுக்காரருக்குக் காலையில் நன்றி சொன்னேன். மனிதர் பயந்துபோய், உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார். வெந்நீர் மட்டும் இன்றுவரை தொடர்கிறது, அதுவும் காபித்தூள் போட்டு.

கொரோனா வந்தபோது அப்பா இல்லை, முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா அனுமந்தன்பட்டியில் தனியாக இருந்தாள். வரமாட்டேன் என்றவளை வம்படியாகக் கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொண்டேன். ஊரே முகமூடியை மாட்டிக்கொண்ட அந்தக் காலத்தில் அம்மா வேறு ஆளாக மாறிப்போனாள். கடைக்குப் போனால் கேட்டது ஒன்றும் வாங்கி வந்தது ஒன்றுமாக இருக்கும். யார் எது சொன்னாலும் "ம்" என்பாள். வாசலில் நின்று பேசுகிற பக்கத்துவீட்டு அம்மாவிடம் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். வயசாகிறது, மறதி போல என்று நான் நினைத்தேன்.

தடுப்பூசி முகாமில்தான் விஷயம் வெடித்தது. நர்ஸம்மா முகமூடியோடு ஏதோ கேட்டார். அம்மா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கேட்டார். அம்மா சட்டென்று கையை நீட்டி அவருடைய முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டாள்.

"மூஞ்சியக் காட்டிப் பேசு ஆத்தா. வெறும் கண்ண வச்சுக்கிட்டு நான் என்னத்தக் கண்டேன்?"

வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. நர்ஸம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கொலைகாரியைப் பார்ப்பது போல எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டு, ஊசி போட்டு, கூட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்தபிறகுதான் பொறி தட்டியது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று "அம்மா" என்றேன். திரும்பவில்லை. என் சொந்தக் குரலில், மைக்செட் குரலில் கத்தினேன். எதிர்வீட்டு ஆள் வெளியே வந்து என்னவென்று கேட்டார். அம்மா புடைத்துக்கொண்டே இருந்தாள்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்து ஒரு படம் வரைந்து காட்டினார். கோடு ஆரம்பத்திலேயே சறுக்கிக் கீழே போயிருந்தது. மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே பெரும்பாலும் போயிருக்கும், இத்தனை வருடம் இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அதிசயப்பட்டார். எப்படிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று மாமியார் பேசியது அவளுக்குக் கேட்கவே இல்லை. அவர் உதட்டைத்தான் பார்த்திருக்கிறாள். கத்திக் கத்திப் பேசுகிற வீட்டில், உதட்டைப் பார்த்தே பிழைக்கிற கூட்டத்தில், ஒருத்திக்குக் காது போனது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கென்ன கொற? நல்லாத்தான கேக்குது" என்றாள் டாக்டரிடம். "நீங்கதான் வாயைத் தொறக்காமப் பேசுறீக."

காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். நம் வாழ்க்கை மேம்பாட்டுத் திட்டத்தில் இது ஒன்றாவது உருப்படும் என்று நினைத்தேன். மாட்டிய அன்றே மிக்ஸியைக் கேட்டு அம்மா சாமி வந்தவள் போல ஆகிவிட்டாள். ஃபேன், பைக், குக்கர், கம்பம் ரோட்டு பஸ் எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் இறங்கிவிட்டதாம். பழகினால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"திரும்ப மில்லுக்குள்ள போனாப்புல இருக்குடி. அம்புட்டுச் சத்தத்துக்குள்ள பேச்சு எங்கன கெடக்குன்னு தேட வேண்டியிருக்கு. ரிட்டயர் ஆனவளத் திரும்ப வேலைக்கு அனுப்பாத."

முகமூடிகள் போய்விட்டன. முகங்கள் திரும்பி வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். நானும் விடைத்தாளைப் பார்த்தபடி பேசுகிறவள்தான். கல்லூரிக்குப் போன மகள் வீடியோவில் பேசினால் அவள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தினாள். கத்துகிறவள் கத்தாமலானாள். என் வீட்டில் சத்தம் நின்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. போடிக்காரர்களுக்குத்தான் அது நிம்மதி.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்று, முகத்தைக் காட்டி, என்ன என்றேன்.

"நாளைக்கி ஊருக்குப் போறேன். இனி அங்கனதான்."

அதற்குச் சில நாள் முன்னால்தான் கம்பம் ரோட்டைக் கடக்கும்போது பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் பிரேக் போட்டு அவள் முந்தானையை உரசி நிறுத்தியிருந்தான். எட்டிப் பார்த்து அவன் திட்டிய திட்டு அவளுக்கு ஓரெழுத்து விடாமல் புரிந்தது. அதைவிட நல்லதாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். ஹாரன் மட்டும்தான் கேட்கவில்லை. இவளை அந்த ஊரில், ரோட்டை ஒட்டிய அந்த வீட்டில், தனியாக விட்டால் எந்த நாள் எந்த போன் வரும் என்று நினைக்கவே எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அங்கன என்கூட வேலை பாத்தவளுக நாலு பேரு இருக்காளுக. மூஞ்சியப் பாத்துப் பேசுவாளுக. இங்கன யாரு பேசுறா? நீ பரவாயில்ல, பெத்த பாவத்துக்குக் கத்துற. ஒன் புருசன் இந்த வீட்டுக்கு நான் வந்ததுலருந்து எங்கிட்ட ஒத்த வார்த்த பேசிருப்பாரா? நான் இருக்குறது அவருக்குப் புடிக்கல. தெரிஞ்சும் எப்படி ஒக்காந்து சாப்புடுறது?"

"பேசுறாரும்மா. அவருக்குக் குரலே அம்புட்டுத்தான்."

"எங்க பேசுறாரு? மீசைதான அசையுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகைக்கு நடுவில். வீட்டுக்காரரின் மீசை அப்படி. ஆள் பூனை மாதிரி இருந்தாலும் மீசை மட்டும் காவல் தெய்வத்துடையது. மேலுதடு என்று ஒன்று அவருக்கு உண்டா என்பதே எனக்குத் தெரியாது, கல்யாண போட்டோவிலும் பார்த்ததில்லை. அவர் பேச்சு காதுக்கும் வராது, கண்ணுக்கும் வராது. அம்மாவைப் பொறுத்தவரை அந்த மனிதர் இத்தனை வருடமும் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு ஆம்பிளை இப்படியா இருப்பான், வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும், எங்கம்மா நாளைக்கு மதியம் பஸ் ஏறப்போகிறாள், நடுரோட்டில் ஏதாவது ஆனால் உங்கள் மீசைதான் ஜவாப்தாரி என்று கத்தினேன். அவர் மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "இன்னிக்கிச் செவ்வாக்கெழம. சலூன் கெடையாது" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று எனக்கு இன்னும் கோபம்.

மறுநாள் நான் லீவு போட்டேன். அவர் காலையிலேயே கடைக்குக் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துவீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நேத்துக்கூட நல்லாப் பேசுனாகன்னு சொன்னியேத்தா. எப்ப எடுக்குறாக?"

யாரை எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விசாரித்தால், என் வீட்டுக்காரர் சலூனில் மீசையை மழுங்க எடுத்துவிட்டுப் போவதை அவர் வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். எங்கள் பக்கம் ஆம்பிளை மீசையை எடுத்தால் சாமிக்கு முடி கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெற்றவர்கள் செத்திருக்க வேண்டும். தலையில் முடி அப்படியே இருந்து மீசையை மட்டும் காணோம் என்றால் சாமிக் கணக்கு இல்லை. என் வீட்டுக்காரரின் அப்பா என்றோ போய்விட்டார். மிச்சம் இருப்பது என் மாமியார். பக்கத்துவீட்டு அம்மா கணக்கில் தப்பே இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தேனி கடைவீதி முழுக்கச் செய்தி போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் பூமாலைக்கே சொல்லிவிட்டாராம். எவனோ ஒரு பொறுப்பானவன் உறுதிசெய்துகொள்ள போடி வீட்டுக்குப் போன் அடித்து, எடுத்த மாமியாரிடமே மாமியார் எப்போது இறந்தார் என்று கேட்டிருக்கிறான். அடுத்த நிமிடம் என் போன் அலறியது.

"நான் செத்துட்டேனாம்த்தா" என்றார் மாமியார். "எம்மகன் மீசைய எடுத்துட்டானாம். உசுரோட இருக்குற ஆத்தாளுக்கு எவனாச்சும் மீசைய எடுப்பானா? அவனக் கூப்புடு மொதல்ல."

அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு என்னவோ சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பிறகு தன் பழைய குரலில், "ஒங்கம்மாவுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.

மதியம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலுதடு வெயிலே படாமல் வெளுத்துப்போய், பள்ளிக்கூடத்துப் பையனுடையது போல இருந்தது. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அம்மா கூடத்தில், கதவோரம் பையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள், அவளுக்கும் சாவுதான் ஞாபகம் வந்திருக்கும். அவர் நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"சாப்டீகளா அத்த?"

எனக்கு அது சரியாகக் கேட்கக்கூட இல்லை. அவர் உதட்டைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இன்னிக்கித்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்."

"தெனமும் வந்ததும் கேப்பேன் அத்த. வாயப் பாத்து இவளுக்குப் பதில் சொல்றீக, எனக்கு மட்டும் சொல்ல மாட்டீக. எம்மேல என்னமோ வருத்தம்னு போயிருவேன்."

"தெனமுமா?"

"ஆமா. மறுநாளும் கேப்பேன்."

அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஏதாவது கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"இன்னும் சாப்புடல மாப்ள" என்றாள் அம்மா. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று பன்னிரண்டு மணிக்கே வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தவள், அடுப்படிக்கு வந்து என்னைத் தள்ளிவிட்டு இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு போனாள்.